கழிவு மண்ணும் பாஷாண நீரும்

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலை வழியே நாடோறும் நடந்து செல்லும் நம்மவருள், அப்பகுதிக்கு முன்னாளில் சுண்ணாம்புக் கம்பம் என்று பெயர் வழங்கியதை அறிந்தவர் இன்று மிகச் சிலரே. வீரமாகாளியம்மன் கோயிலையும் அக்காலத்தார் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே குறித்தனர். 1820-களிலேயே இச்சாலையோரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் எழுந்தன. கடலோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பவளக்கல்லையும் சிப்பியையும் வாரிக் கொணர்ந்து, சுட்டு நீற்றி, வளர்ந்து வந்த நகரத்தின் சுவர்களுக்குத் தந்தவர் நம் மக்கள். 1862-இல் புனிதப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களிலே, சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் கூட்டி அரைத்த சென்னைச் சாந்து பூசப்பட்டது. அதைப் பூசிய கைகள் இந்தியாவினின்று நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகளின் கைகள். வேண்டாப் பொருளென்று ஒதுங்கிக் கிடந்ததை வேண்டும் பொருளாக்கும் தொழில் இத்தெருவுக்குப் புதியதன்று என்பதற்காகவே இப்பழங்கதையை முதற்கண் கூறினோம்.

அதே தெருவினின்று சிறிது விலகி லெம்பு ரோட்டுத் திடலுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் செல்வோமாயின், அங்கே வேறொரு மக்கட்கூட்டத்தைக் காண்போம். கட்டட வேலையிலும் கப்பற் பட்டறையிலும் ஆறு நாள் உழைத்தவர்கள், ஏழாம் நாள் தம் மொழியைக் கேட்கவும், ஊருக்குப் பணம் அனுப்பவும், வீட்டாரோடு தொலைபேசியில் பேசவும் அங்கு வந்து கூடுகின்றனர். அவர்கள் வங்காள தேசத்தவர். குமில்லா, முன்ஷிகஞ்ச் முதலிய மாவட்டங்களினின்று வந்தோரும் அவருள் உளர். இவ்விரு மாவட்டங்களும் வரலாற்றிலே ஒரு துயரமான காரணத்தால் பெயர் பெற்றவை. அங்குள்ள குழாய்க்கிணறுகளுட் பெரும்பாலானவற்றின் நீரில் பாஷாணம் கலந்துள்ளது.

அந்நஞ்சைப் பிரித்தெடுக்க உலகம் நாடிய வழிகளுள் ஒன்று, சுரங்கங்களும் ஆலைகளும் குப்பையென்று கொட்டிய மண்ணையும் சேற்றையும் துருவையும் கொண்டு நீரை வடிகட்டுவது. அதன் வரலாற்றையே இங்கு எடுத்துரைக்கப் புகுகின்றோம். வங்காளியின் கிணற்று நீர் நமக்கு என்ன உறவு என்று கேட்பாரும் இருக்கலாம். மலாயாவில் பாற்காட்டிலும் ஈயச் சுரங்கத்தின் அருகிலும் வாழ்ந்த நம்மவருக்கு இந்நஞ்சோடு உள்ள உறவு சிறிதன்று என்பதைப் பின்னே காட்டுவோம்.

பாஷாணம் என்னும் சொல் தமிழுக்குப் பழையது. தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என்று நம் சித்த வைத்தியர் வகைப்படுத்திய பொருள்களில் உள்ள மூலப்பொருளையே மேனாட்டார் ஆர்சனிக் என்பர். இதன் கொடுமை இதன் அடக்கத்தில் உள்ளது. நீரிற் கரைந்தால் நிறமில்லை, சுவையில்லை, நாற்றமில்லை. காய்ச்சிக் குடித்தால் தீமையில்லை என்னும் நம் வழக்கமான அறிவுரையும் இங்குப் பயன்படாது. காய்ச்சக் காய்ச்ச நீர் வற்றி நஞ்சு செறியுமேயன்றிக் குறையாது. குடித்த அன்றே கொல்லுவதும் இல்லை. பல ஆண்டுகள் சென்ற பின்னர், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து மருப்போல் முளைக்கும். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போலக் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் தோன்றும். அதற்கும் பின்னர்த் தோலிலும் நுரையீரலிலும் நீர்ப்பையிலும் புற்று. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம். ஒரு லிட்டர் குடிநீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இந்நஞ்சு இருத்தலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1993-இல் வரையறுத்தது. அதற்கு முன் 50 வரை பொறுக்கலாம் என்றிருந்தனர்.

தோட்டப்புறத்து முதியவர்கள் இந்நஞ்சை வேறொரு பெயரால் அறிவர். லாலான் புல்லை அழிக்க ரப்பர்த் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட சோடியம் ஆர்சனைட்டே அது. உலகப்போருக்கு முன்னும், போர் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் இது வழக்கிலிருந்தது. வயது முதிர்ந்த ரப்பர் மரங்களைப் பட்டுப்போகச் செய்து புதுக்கன்று நடுவதற்கும் இதையே பூசினர். தோட்டத்துப் பேச்சில் இதற்கு "மருந்து" என்று பெயர்! மேய்ந்த மாடு மடிந்தது. மருந்தடித்த கைகள் புண்பட்டன. 1950-களின் தொடக்கத்தில், அவசரகாலப் போரின்போது சாலையோரக் காட்டை அழிக்க வழி தேடிய பிரிட்டிஷார், மனிதருக்கும் விலங்குக்கும் இது நஞ்சாகும் என்று கருதி வேறு மருந்துகளை ஆராய்ந்தனர். அந்த எச்சரிக்கை பாற்காட்டுத் தொழிலாளிக்கு உடனே கிட்டிற்றில்லை. 1960-களில் வேறு களைக்கொல்லிகள் பரவிய பின்னரே இதன் ஆட்சி ஒடுங்கிற்று. புதிதாக வந்தவையும் அமுதம் அல்ல என்பது வேறு செய்தி.

இனி ஈயத்துக்கு வருவோம். மலாயாத் தமிழர் ஈயம் என்றே வழங்கும் வெள்ளீயம், இந்நாடுகளின் செல்வத்துக்கு அடிப்படையாய் இருந்தது. 1887-இல் தோன்றிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி, 1890-இல் சிங்கப்பூர்த் துறைமுகத்தின் எதிரே உள்ள பிரானித் தீவில் பெரியதோர் உருக்காலையை நிறுவிற்று. பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோண்டிய தாது கப்பலேறி வந்து அங்கே உருகி, கட்டியாகி, உலகெங்கும் சென்றது. ஈயம் கப்பலேறிப் போயிற்று. தோண்டிய மண்ணும் மணலும் தோண்டிய இடத்திலேயே கிடந்தன.

அங்ஙனம் கிடந்ததில் என்ன இருந்தது? பாறையினூடே நரம்புபோல் ஓடும் ஈயத்தாதோடு, இரும்பும் கந்தகமும் ஆர்சனிக்கும் பிணைந்த வெண்ணிறக் கனிமம் ஒன்று கூடப் பிறப்பது உலக வழக்கு. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால், டெவன் பகுதிகளில் இதை நன்கு கண்டனர். டெவன் கிரேட் கன்சோல்ஸ் என்னும் பெருஞ்சுரங்கம், செம்பு குறைந்துபோன பின், முன்பு ஒதுக்கிய கழிவையே வறுத்து ஆர்சனிக் எடுத்து விற்று, உலகிற் பெரிய ஆர்சனிக் நிலையங்களுள் ஒன்றாயிற்று. புகைக்கூண்டின் உட்சுவரில் படிந்த வெண்பொடியைச் சுரண்டி எடுத்த கூலியாட்கள், மூக்கில் பஞ்சை அடைத்து, முகத்தில் களிமண் பூசிக்கொண்டு வேலை செய்தனர். தொழிலாளியின் பாதுகாப்புக்கு அந்தப் பேரரசு செலவிட்டது ஒரு பிடி களிமண்! அந்நாட்டுச் சுரங்க வல்லுநர் பலர் பின்னர் கோப்பேங் முதலிய இடங்களுக்கு வந்து, மலாயா ஈயத்தொழிலிலும் தலைமை கொண்டனர்.

கிந்தா பள்ளத்தாக்கிலும் சிலாங்கூரிலும் எடுத்த ஈயம் பெரும்பாலும் ஆற்று வண்டலில் கிடைத்தது. பாறை நரம்பில் உள்ள அளவுக்கு அதனிடத்தே பாஷாணம் இல்லை. இது நமது நல்லூழ் போலும். ஆயினும் 2014-ஆம் ஆண்டின் வறட்சியில், சிலாங்கூர் அரசு பழைய ஈயக் குட்டைகளின் நீரை ஆற்றில் இறைத்துக் குடிநீருக்குப் பயன்படுத்தியபோது, அந்நீரில் என்னென்ன உலோகங்கள் உளவோ என்ற ஐயம் எழுந்தது. அக்குட்டைகள் பெஸ்தாரி ஜெயாவில் உள்ளவை. பாத்தாங் பெர்ஜுந்தை என்னும் பழம்பெயரால் தோட்டத் தமிழர் அனைவரும் அறிந்த ஊர்.

எல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் தென்பகுதியில் நாக்கோன் சி தம்மராட் மாகாணத்து ரோன் பிபூன் என்னும் ஊர் அத்தனை நல்லூழ் பெறவில்லை. அங்கே ஈயம் தோண்டத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாயிற்று. சுரங்கக் கழிவு வீட்டுப் பக்கத்திலும் வாய்க்காலோரத்திலும் கொட்டிக் கிடந்தது. மழை அதன்மீது பெய்து கிணற்றில் இறங்கிற்று. 1987-இல்தான் அவ்வூராரின் தோல்நோய்க்குக் காரணம் பாஷாணம் என்று மருத்துவர் கண்டனர். நோயின் அடையாளம் தாங்கியவர் ஆயிரம் பேர் அளவினர். ஆழமில்லாத கிணறுகளில் லிட்டருக்கு 5,000 மைக்ரோகிராம் வரை நஞ்சு இருந்தது. அஃதாவது வரையறையைப்போல் ஐந்நூறு மடங்கு.

வங்காளத்தின் கதையோ சுரங்கத்தால் வந்ததன்று. நன்மை செய்யப் போய் விளைந்தது. குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்து, வாந்திபேதியாலும் வயிற்றுக்கடுப்பாலும் குழந்தைகள் மாய்ந்த நாடு அது. 1970-களில் சர்க்காரும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் குழாய்க்கிணறு இறக்கும் பணியில் முனைந்தன. பின்னர் மக்களே தம் கைப்பணத்தில் வீட்டுக்கொரு கிணறு இறக்கினர். கிருமி இல்லாத தெளிந்த நீர் கிடைத்தது. அத்தெளிவினுள் இருந்ததை எவரும் சோதிக்கவில்லை. 1983-இல் கல்கத்தா வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியின் தோல்நோய் மருத்துவர் சாகா, மேற்கு வங்காளத்து நோயாளிகளிடம் பாஷாணத்தின் அடையாளத்தைக் கண்டறிந்தார். எல்லை கடந்த வங்காள தேசத்தில் 1993-இல்தான் இது உறுதிப்பட்டது. 2001-இல் வெளியான ஆய்வின்படி, அந்நாட்டின் ஆழமில்லாக் கிணறுகளில் 100-க்கு 27, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்னும் பழைய வரம்பையே கடந்திருந்தன. சுமார் 3 கோடியே 50 லட்சம் மக்கள் அத்தகைய நீரைக் குடித்தனர். வரலாற்றில் ஒரு மக்கட்தொகுதி முழுவதையும் பற்றிய நஞ்சேற்றங்களுள் இதுவே மிகப் பெரியது என்று 2000-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் இதழில் ஆலன் ஸ்மித் முதலிய அறிஞர் எழுதினர்.

நோயினும் கொடியது நோய்பற்றிய அறியாமை. புள்ளி விழுந்தவரைத் தொழுநோயாளர் என்று கருதி ஒதுக்கினர். பெண்ணுக்கு வரன் தட்டிப்போயிற்று. மணமான பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பினர். ஒட்டாத நோயை ஒட்டும் என்று நம்பியதால் விளைந்த இக்கேட்டைத் தீர்க்க ஒரு வடிகட்டியும் உதவாது.

இனி, நஞ்சு நிலத்தடியில் எவ்வாறு வந்தது, துருவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதைக் கூறுவோம். இமயத்தினின்று வண்டலைக் கொணரும் ஆறுகள், மணற்பரலின் மேல் மெல்லிய இரும்புத் துருப் பூச்சையும் சேர்த்தே கொணர்ந்தன. அத்துருவைப் பற்றிக்கொண்டு பாஷாணமும் வந்தது. காற்றோட்டம் உள்ளவரை இரண்டும் பிரிவதில்லை. ஆயின் வண்டலின் அடியில் இலை தழைகள் மக்கிக் காற்றற்றுப்போன இடத்தில் நுண்ணுயிர்கள் துருவைக் கரைத்துவிடுகின்றன. துரு கரைந்ததும் நஞ்சு நீரில் இறங்குகிறது. சிறைவைத்திருந்த இரும்பு கரைந்தது. சிறைப்பட்டிருந்த நஞ்சு வெளிப்போந்தது. அந்நீரை மேலே இறைத்துக் காற்றுப்படச் செய்து, மீண்டும் இரும்புத் துருவைக் காட்டினால் நஞ்சு மறுபடியும் அதனிடம் சென்று ஒட்டிக்கொள்ளும்.

இவ்வுண்மை நேற்றுக் கண்டதன்று. 1834-இல் ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரில் ராபர்ட் புன்சன், பெர்த்தோல்ட் என்னும் மருத்துவரோடு சேர்ந்து, புதிதாகப் படியவைத்த இரும்புத் துருக்குழம்பு பாஷாணம் உண்டவர்க்கு மாற்றுமருந்தாகும் என்று வெளியிட்டார். பள்ளிக்கூடத்து ஆராய்ச்சிச் சாலையில் எரியும் விளக்கினால் நம் மாணவர் அறிந்திருக்கும் புன்சன் இவரே. பின்னாளில் ஆர்சனிக் சேர்ந்த பொருளொன்றை ஆராய்கையில் அது வெடித்து ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தார். அக்காலத்து ஐரோப்பாவில் பாஷாணம் சொத்துக்காகக் கொலை செய்வோரின் கருவி. எனவே மாற்றுமருந்தைத் தேடினர், மருந்துக்கடைகளிலும் வைத்தனர். ஏழைகளின் கிணற்றுக்கு அதே மருந்து போய்ச் சேர நூற்று ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

போய்ச் சேர்ந்த விதமோ மிக எளிது. வங்காளத்துக் கிராமங்களில் மூன்று குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீரை வடிப்பது பழைய வழக்கம். மேற்குடத்தில் மணலோடு இரும்புச் சீவலையும், நடுக்குடத்தில் மணலோடு கரியையும் இட்டு, அடிக்குடத்தில் தெளிந்த நீரைப் பிடித்தனர். நஞ்சு பெரிதும் நீங்கிற்று. ஆனால் சில மாதங்களில் சீவல் துருப்பிடித்துக் கட்டியாய் இறுகிக் குடம் அடைத்துக்கொண்டது. குஷ்தியா ஊரிற் பிறந்து அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராய் விளங்கிய அபுல் ஹுசாம் இக்குறையை ஆராய்ந்தார். பட்டறையில் வார்ப்பிரும்பைக் கடையும்போது உதிர்ந்து குப்பையாகும் சீவலைப் பதப்படுத்தி, அடைத்துக்கொள்ளாத நுண்துளைப் பாளமாக்கினார். ஆற்று மணல், செங்கற்சல்லி, மரக்கரி ஆகியவை மற்ற உறுப்புகள். சோனோ என்று பெயரிட்ட இவ்வடிகட்டிக்கு 2007-இல் அமெரிக்கப் பொறியியற் கழகத்தின் கிரெய்ஞ்சர் பரிசாகப் பத்து லட்சம் டாலர் கிடைத்தது. மின்சாரம் வேண்டா, எந்திரம் வேண்டா, விலையும் அப்போது நாற்பது டாலருக்குட்பட்டதாய் இருந்தது. பிறந்த ஊரின் கிணற்றை மறவாத படிப்பாளிகள் நம்மிடையேயும் பெருகுவார்களாயின் எத்துணை நன்று என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பட்டறைச் சீவல் பயன்படுமாயின், சுரங்கத் துரு ஏன் பயன்படாது? நிலக்கரியோ உலோகமோ தோண்டிக் கைவிட்ட சுரங்கத்தில், இரும்பும் கந்தகமும் கூடிய கல் காற்றும் நீரும் பட்டு அமிலமாகிக் கரையும். அந்நீர் வெளியே ஊறி வந்ததும் இரும்பு பிரிந்து மஞ்சட்காவி நிறச் சேறாக ஓடையெங்கும் படியும். 1992 ஜனவரியில் கார்ன்வாலின் வீல் ஜேன் என்னும் கைவிட்ட ஈயச் சுரங்கம் நிரம்பி வழிந்து, ஐந்து கோடி லிட்டருக்கு மேற்பட்ட நச்சுநீர் ஆற்றில் இறங்கியபோது, கழிமுகம் முழுதும் காவிநிறமாய்க் கண்டவரைத் திடுக்கிடச் செய்தது. அதன்பின் அங்கே நிலையம் அமைத்து, சுரங்க நீரில் நாள்தோறும் சுண்ணாம்பைக் கலக்கின்றனர். ஆம், நமது கம்பத்துக்குப் பெயர் தந்த அதே சுண்ணாம்பு. அமிலம் முறிந்ததும் இரும்பு துருவாய்ப் படிகிறது. படியும்போது பாஷாணத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது.

பிரான்சு நாட்டின் கார்னுலேஸ் என்னும் இடத்தில் மனிதர் துணையின்றியே இது நிகழ்கின்றது. 1962-இல் மூடிய ஈயநாகச் சுரங்கத்தின் பதினைந்து லட்சம் டன் கழிவினின்று வழியும் ஓடையில், இரும்பைத் துருவாக்கும் நுண்ணுயிர்கள் வாழ்ந்து, ஓடை சில பத்து மீட்டர் தூரம் செல்வதற்குள் பாஷாணத்தில் கணிசமான பங்கைச் சேற்றில் படியவைக்கின்றன. இத்தகைய காவிச் சேற்றை வாரி, உலர்த்தி, குருணையாக்கிக் குழாயில் நிரப்பி, வேறிடத்து நஞ்சுநீரை அதன் வழியே செலுத்தினால் நஞ்சு குறைவதை அமெரிக்கா, கொரியா முதலிய நாடுகளின் ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். கொட்ட இடமின்றிக் காசு கொடுத்து அகற்றிய சேறு இவ்வாறு காசு பெறும் பொருளாகின்றது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய குவியல் உண்டு. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு, மேட்டூரில் 1965-இல் அலுமினிய உற்பத்தி தொடங்கிற்று. பாக்சைட்டைக் காரத்தில் கரைத்து அலுமினாவை எடுத்த பின் எஞ்சுவது செஞ்சேறு. ஒரு டன் அலுமினாவுக்கு ஒரு டன்னுக்குக் குறையாத சேறு. அதன் செம்மைக்குக் காரணம் இரும்புத் துருவேயாதலின், துருக்கி நாட்டறிஞர் 2000-ஆம் ஆண்டளவில் அதைக் கொண்டு நீரில் உள்ள பாஷாணத்தைப் பிரித்துக் காட்டினர். பின்னர் அதைக் கடல்நீரால் கழுவிக் காரத்தை அடக்கிப் பயன்படுத்தும் முறையும் வெளிவந்தது. நிலக்கரியின் அடிச்சாம்பல் மீது துருவைப் பூசி அதே பணிக்கு உதவச் செய்யலாம் என்று கலிபோர்னியாவில் அசோக் காட்கிலும் அவர் துணைவரும் ஆராய்ந்தனர்.

இத்துணையும் படித்த வாசகர், இனிக் குப்பைமேடெல்லாம் பொன்மேடு என்று மகிழ்ந்துவிடுதல் வேண்டா. கழிவு கழிவாவதற்குக் காரணம் உண்டு. செஞ்சேற்றின் காரம் தோலைப் பொசுக்கும். 2010 அக்டோபர் 4-ஆம் நாள் ஹங்கேரியின் அய்கா நகரருகே சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து பத்துப் பேர் மாண்டனர். சுரங்கச் சேறு தன்னிடத்தே உள்ள வேறு உலோகங்களைக் குடிநீரில் இறக்கிவிடவுங் கூடும். ஆகையால் ஒவ்வொரு குவியலையும் தனித்தனியே சோதித்தறியாமல் வாயருகே கொண்டுபோதல் தகாது.

மலாயாவிலேயே இதற்கொரு பாடம் கிடைத்தது. ஈயத்தைக் கழுவியபின் எஞ்சும் கருமணலுக்கு அமாங் என்று பெயர். பல்லாண்டு ஏறெடுத்தும் பாராத அதிலே இல்மனைட்டும் சிர்க்கோனும் மோனசைட்டும் இருப்பதறிந்து, பின்னர் விலைக்கு விற்றனர். ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982 முதல் மோனசைட்டினின்று அருமண் உலோகங்களை எடுத்தனர். கதிர்வீச்சுள்ள தோரியம் கழிவாய் மிஞ்சியது. ஊரார் வழக்காடினர், 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்றனர், 1993-இல் மேல்முறையீட்டில் தோற்றனர், 1994-இல் ஆலையே மூடிற்று. கழிவைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்லிப் புதுக்கழிவை ஏழையின் வாசலில் வைப்பதும் நடக்கக்கூடியதே.

இதைவிட நாம் பெரிதாகக் கருதுவது மற்றொன்று. வடிகட்டியை வைத்தபின் அதைப் பார்ப்பவர் யார்? துரு எல்லையின்றி நஞ்சைத் தாங்காது. நிறைந்தவுடன் விடத் தொடங்கும். நிறைந்ததும் நிறையாததும் கண்ணுக்குத் தெரியாது. மாற்றிய மண்ணை எங்கே போடுவது? குளத்தில் கொட்டினால் காற்றற்ற சேற்றில் அது மீண்டும் கரையும். மேற்கு வங்காளத்தில் சுமார் 30 லட்சம் டாலர் செலவிட்டு 1,900 நீர் சுத்தி நிலையங்கள் நிறுவினர். அவற்றுள் 11 கம்பெனிகள் செய்த 19 நிலையங்களை பாருய்ப்பூர் வட்டாரத்தில் இரண்டாண்டு சோதித்த ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தார், 2005-இல் முடிவை வெளியிட்டனர். ஒன்றேனும் 10 மைக்ரோகிராம் வரம்பை இடைவிடாது காக்கவில்லை. இரண்டே இரண்டு 50-க்குள் நின்றன. பொருளின் குறை ஒருபுறமிருக்க, பராமரிப்பின் குறையே பெரிதாயிருந்தது. திறப்பு விழாவுக்கு வந்தவர் வடிகட்டி மாற்றும் நாளுக்கு வந்தாரில்லை.

அதே மாநிலத்தில் மாறான காட்சியும் உண்டு. லீகை பல்கலைக்கழகத்து அருப் சென்குப்தா, வங்காளப் பொறியியற் கல்லூரியாரோடு 1997 முதல் அமைத்த கிணற்றடி நிலையங்களை ஊர்க் குழுக்களே நடத்தின. குடும்பந்தோறும் சிறு கட்டணம் வாங்கினர். அதைக் கொண்டு கவனிக்க ஆள் வைத்தனர். தேய்ந்த பொருளை ஓரிடத்துக்குக் கொண்டுபோய்க் கழுவி மீண்டும் பயன்படுத்தினர். கழுவி வந்த நஞ்சைக் காற்றுப்படும் மணற்படுகையில், துருவோடு துருவாக அடக்கி வைத்தனர். அவர்கள் பயன்படுத்தியது செய்பொருளான அலுமினா, கழிவு மண்ணன்று. ஆயினும் விலையில்லாச் சேற்றை நாடுவோர் இவ்வூர்க் குழுக்களையே முதலிற் காணவேண்டும் என்பது நம் கருத்து. சேறு இலவசம், அதைக் காக்கும் ஆளுக்குக் கூலி உண்டு.

சிங்கப்பூரின் குழாய்நீர் பாஷாணத்துக்கு அஞ்ச வேண்டியதன்று. இங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தார், அமாங்கில் கிடக்கும் சிர்க்கோனின் மூலப்பொருளான சிர்க்கோனியத்தைக் கொண்டு பாஷாணம் உறிஞ்சும் நுண்பொடிகளை ஆக்கிச் சோதித்துள்ளனர். நகரத்தின் குப்பையை எரித்த சாம்பல் 1999 முதல் செமாக்காவ் தீவில் கொட்டப்படுகின்றது. இடம் நிறையும் நாளை எண்ணி, அச்சாம்பலை மணலாக்கிப் பாதை போடும் சோதனையும் நடந்தது. சாம்பலிலிருந்து மண்ணில் எது இறங்கும் என்று அளந்த பின்னரே அதைத் தொட்டனர். இதற்குக் காரணம் சிங்கப்பூரின் சாம்பல் நல்ல சாம்பல் என்பதன்று. அளப்பதற்கு ஒரு துறையும், கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆளும் இருப்பதே.

லெம்பு ரோட்டுத் திடலில் நிற்பவரின் ஊரில் அவ்வாறு அளந்த காலமும் ஒன்று இருந்தது. 1999 முதல் சில ஆண்டுகள் வங்காள தேசத்தில் ஐம்பது லட்சம் அளவு கிணறுகளை, ஒரு சிறு புட்டியும் நிறம் மாறும் காகிதத்துண்டும் கொண்டு ஊர் ஊராகச் சோதித்தனர். நல்ல கிணற்றின் குழாய்க்குப் பச்சையும், நஞ்சுள்ளதற்குச் சிவப்பும் பூசினர். சிவப்புப் பெற்றவை பதினான்கு லட்சத்துக்கு மேல். அதன்பின் வெளிநாட்டுக் கூலியில் எழுந்த வீடுகள் பல. அவ்வீட்டு முற்றங்களில் புதிதாக இறங்கிய கிணறுகளும் பல. அவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு எந்த நிறமும் பூசப்படவில்லை. பழைய கிணறுகளில் பூசிய சிவப்பும் பச்சையும் மழையில் கரைந்துபோயின.